கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தானே படித்துப் பிழைக்க முடியுமா?

கேள்வி கேட்டவர் தம்மைப் பற்றிச் சொல்லியிருப்பதன் சுருக்கம் இது. வயது 26, கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழிப் படிப்பு, பிறகு எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, அதே மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக ஷிப்ட் வேலை. இந்த வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டு வீட்டிலிருந்தே பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி), புரோகிராமிங், ஆங்கிலம் எல்லாவற்றையும் தானே படித்து, அதன்பின் யாருக்கும் கீழே கைகட்டி நிற்காமல் வாழ முடியுமா, பட்டம் இல்லாதது பின்னாளில் தடையாகுமா என்று கேட்கிறார். அப்பாவுக்குச் சம்மதமில்லை என்பதைக் கடைசி வரியில் சேர்த்திருக்கிறார். மேலோட்டமாக வாசித்தால் இது படிப்பைப் பற்றிய கேள்வி போலத் தெரியும். ஆனால் தன்னால் படிக்க முடியுமா என்ற ஐயம் அவருக்கு எங்குமே இல்லை. தானே கற்றதை வைத்து ஒருவன் சோறு உண்ண முடியுமா, அப்படி உண்பது அவர் நினைக்கிற சுதந்திரமாக இருக்குமா என்பதே அவர் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பாலக்காடு மாவட்டத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் எலக்ட்ரிக்கல் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, இந்த வட்டாரத்துச் சிறு தொழிற்கூடங்கள் ஆள் எடுக்கும்போது நேர்முகத்தில் உட்கார என்னை அழைப்பதுண்டு. மாலை வேளைகளில் ஊர் வாசகசாலையில், கல்லூரிக்குப் போகாமல் படிக்கும் பிள்ளைகள் சிலரோடு உட்கார்கிறேன். ஆகவே மின் பராமரிப்பு, மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி சார்ந்த வேலைகளைப் பற்றி நான் சொல்வதைக் கண்டறிந்ததாகக் கொள்ளலாம். மென்பொருள் நிறுவனங்களில் ஆள் எடுப்பதை நான் அருகிலிருந்து பார்த்ததில்லை. அந்தப் பக்கம் போவதாக இருந்தால் அத்துறையில் இருப்பவரையே கேட்பது நல்லது.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் துறையில், கல்லூரி வகுப்பில் உட்கார்ந்தால்தான் கற்க முடியும் என்று இன்று மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களை எவரும் இலவசமாகப் பார்க்கலாம் என்று 2001-இல் அறிவித்தது, ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் திட்டத்தைத் தொடங்கின, 2017-இல் மத்திய அரசின் ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளம் வந்தது. பாடம் கேட்கக் கட்டணம் கிடையாது, தேர்வு எழுதிச் சான்று பெற வேண்டுமானால்தான் பணம் கட்ட வேண்டும். பாலக்காட்டு ஐ.ஐ.டி. 2015-இல் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோழிப்பாறையில் தற்காலிக வளாகத்தில்தான் தொடங்கியது. அந்த வாசலுக்குள் நுழைவுத்தேர்வில் தேறாமல் போக முடியாது என்றாலும், அதே தரத்துப் பேராசிரியர்களின் வகுப்பைக் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கைப்பேசியில் கேட்க யாரும் தடை சொல்வதில்லை. கேரளத்து வாசகசாலைகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூரில் பி.என்.பணிக்கரின் முயற்சியில் 1945-இல் 47 நூலகங்கள் ஒன்றுசேர்ந்து தொடங்கிய சங்கம், மாநிலம் பிறந்த பின் கேரளம் முழுவதற்குமான இயக்கமாக வளர்ந்தது. அங்கே உங்களுக்குத் தேவையான தொழில்நுட்பப் புத்தகம் இருக்காது. ஆனால் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் கிடைக்கும். சின்ன வீட்டில் நாலைந்து பேரோடு இருந்துகொண்டு ஷிப்ட் வேலைக்கும் போகிறவனுக்குப் புத்தகத்தைவிட அதுதான் அரிது.

கற்க முடியும் என்பது உறுதி. நீங்கள் கற்று முடிப்பீர்களா என்பது உறுதியில்லை. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து தொடங்கிய எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தின் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-இல் சயன்ஸ் இதழில் வந்தது. 2017–18-இல் பாடங்களில் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம், சான்றுக்காகப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் 46 சதவீதம். பணம் கட்டியதால் முடித்தார்களா, முடிக்கும் உறுதி உள்ளவர்களே பணம் கட்டினார்களா என்பதை இந்த எண்கள் சொல்லமாட்டா. நான் பார்த்த பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் இரண்டாவதன் பக்கமே சாய்வேன். எப்படியானாலும், இரண்டு ஆண்டு கையில் இருக்கிறது என்ற நினைப்பு படிப்பவனுக்கு நல்லதல்ல. காலையில் எழுந்ததும் போக வேண்டிய இடம் ஒன்று இல்லாதபோது முதல் மாதத்து வேகம் மூன்றாம் மாதத்தில் நிற்பதில்லை. இதைச் சோம்பேறிகளிடம் மட்டுமல்ல, கெட்டிக்காரர்களிடமும் பார்த்திருக்கிறேன்.

படிக்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்க உளவியல் ஆய்வாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, வாசித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். யூடியூபில் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் புரிந்துவிட்டதாகத் தோன்றுவது அந்த ஐந்து நிமிட வெற்றிதான். பி.எல்.சி.க்கு நிரல் எழுதப் பயன்படும் லேடர் வரைபடத்தைத் திரையில் பார்த்துத் தலையாட்டுவதை விட்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தாளில் வரைந்து பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அதுதான் அன்றைய பாடம்.

இனி விலை கூடிய பகுதிக்கு வருகிறேன். கற்பது இன்று மலிவு. கற்றதை அயலார் நம்ப வைப்பதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் செலவாகிறது. பட்டம் அறிவின் அளவுகோல் அல்ல என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்முகத்தில் உட்காருகிறவர்களில் யாரும் அதை அப்படி நம்புவதில்லை. விண்ணப்பங்கள் மேசையில் குவிந்து கிடக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவனைக் கூப்பிட்டுப் பேசலாமா என்று முடிவெடுக்கும் சிரமத்தை அது குறைக்கிறது, அவ்வளவே. அந்தச் சிரமத்தை வேறொரு வழியில் நீங்கள் குறைத்துக் கொடுத்தால், பட்டம் இல்லாத குறையில் பாதியாவது தீரும். இணையத்தில் பெற்ற சான்றிதழ்கள் அந்த வேலையைச் செய்கின்றனவா என்றால், இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் இல்லை. பத்துச் சான்றிதழைக் கோப்பில் செருகிக்கொண்டு வருகிற பையனிடம் நாங்கள் ஒரு மல்டிமீட்டரைத்தான் நீட்டுகிறோம்.

எந்த வழி அந்த வேலையைச் செய்யும் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வாசகசாலைக்கு வருகிற பையன் ஒருவன், பத்தோடு நின்றவன், தென்னந்தோப்புகளில் போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிகளைப் பழுது பார்க்கிறான். அவனிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. அதில் ஒரு பக்கம் இப்படிப் போகிறது: மேலே தேதியும் தோப்புக்காரர் பெயரும், மோட்டார் 7.5 எச்.பி. என்ற குறிப்பும், அடுத்து, பத்து நிமிடம் ஓடியதும் ட்ரிப் ஆகி, அதாவது தானே நின்று, விடுகிறது என்ற புகார். அதன் கீழே ‘ஓவர்லோடு ரிலே மாற்றினேன்’ என்று ஒரு வரி (கரண்ட் அளவுக்கு மீறினால் மோட்டாரை நிறுத்துவது அந்த ரிலே). மறுநாள் தேதியிட்டு ‘மறுபடியும் ட்ரிப்’ என்று ஒரு வரி. பிறகு இரண்டு வரிசை எண்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டருக்கு மேலே பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 402, 398, 400 வோல்ட். காண்டாக்டருக்குக் கீழே 401, 372, 371. கழற்றிப் பார்த்ததில் ஒரு முனை மட்டும் கருகிக் குழிந்திருந்தது என்றும், காண்டாக்டரை மாற்றியபின் எல்லாம் சரியானது என்றும் எழுதியிருந்தான். எதிர்ப்பக்கத்தில் சிவப்பு மையில், வோல்டேஜ் மூன்று பேஸிலும் கொஞ்சம் ஏறுக்குமாறாக இருந்தாலே கரண்ட் அதைப்போலப் பல மடங்கு ஏறுக்குமாறாகும், ரிலே தன் வேலையைத்தான் செய்தது என்று காரணமும் இருந்தது. அந்தக் காரணத்தை அவன் ஏதோ ஒரு வீடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான். ஆனால் 372-ஐ அவனேதான் அளந்தான்.

பம்ப் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் செய்யும் கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றின் முதலாளி அந்த நோட்டைப் பத்துப் பக்கம் புரட்டினார். அவனிடம் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கவே இல்லை. வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கத்துத் தோப்புகளில் அவர்களுடைய பெட்டிக்குப் பழுது வந்தால் இப்போது இவனைத்தான் அனுப்புகிறார்கள். ஒருவன் கதையை எல்லோருக்கும் விதியாக்க முடியாது. ஆனால் அந்த நோட்டில் இருப்பது என்ன என்று பாருங்கள். முதலில் தவறாகக் கைவைத்தது மறைக்கப்படவில்லை, பிறகு அளந்தது தெரிகிறது, காரணம் தெரிகிறது, கேட்டுப் பார்க்க ஒரு தோப்புக்காரர் பெயர் இருக்கிறது. வேலை கொடுப்பவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? உங்கள் தொழிற்சாலையில் நான்கு ஆண்டாக எத்தனையோ பழுதுகளைச் சரிசெய்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றையாவது இப்படி எழுதி வைத்திருக்கிறீர்களா என்பதே என் முதல் எதிர்க்கேள்வி. கம்பெனி இரகசியம் எதுவும் வெளியே போகாதபடி, பழுதின் தன்மையை மட்டும் எழுதினால் போதும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் இந்தப் பேச்சை எடுத்தால் ஜி.டி.நாயுடுவின் பெயர் வராமல் போகாது. உங்கள் கேள்வியிலும் வந்திருக்கிறது. பள்ளியைப் பாதியில் விட்டவர், தானே கற்று மின் மோட்டாரும் சவரக் கருவியும் செய்தவர் என்பது உண்மை; பொறியியலுக்கு நான்கு ஆண்டு படிப்பு வீண், இரண்டு ஆண்டே போதும் என்று வாதாடியவர் என்பதும் உண்மை. ஆனால் அந்த வாழ்க்கை நடந்த வரிசையை யாரும் சொல்வதில்லை. ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பார்க்கும் ஆசைக்காக அவர் ஓட்டலில் பரிமாறிப் பணம் சேர்த்தார். 1920-இல் ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். கண்டுபிடிப்புகள் அந்தப் பஸ் வருமானத்தின் மேல் எழுந்தவை. கணித மேதை ராமானுஜனும் அப்படித்தான். கல்லூரித் தேர்வில் தோற்று, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் கடிதம் எழுதியது அந்த நாற்காலியில் இருந்தபோது, 1913-இல். அவர் தனியே கண்டவற்றில் பல ஐரோப்பாவில் முன்பே நிறுவப்பட்டவையாக இருந்தன. பகா எண்களைப் பற்றிய சில முடிவுகள் பிழையாகவும் இருந்தன. அவ்வளவு பெரிய மேதைக்கே பிழையைச் சுட்டிக்காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது என்றால், நமக்கு வேண்டியிருப்பதைச் சொல்லவே வேண்டாம். உங்கள் வேலையிடத்தில் அப்படிப்பட்ட மூத்தவர் ஒருவராவது இருப்பார். வேலையை விட்டால் அவரையும் சேர்த்தே விடுகிறீர்கள்.

பட்டம் தடையாகுமா என்ற கேள்விக்குச் சில இடங்களில் திட்டவட்டமான பதில் உண்டு. அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வாணையமான பி.எஸ்.சி.யின் அறிவிப்பில் எந்தத் தகுதி அச்சிடப்பட்டிருக்கிறதோ அது இல்லாதவன் எவ்வளவு கற்றிருந்தாலும் விண்ணப்பிக்க முடியாது. மின் இணைப்புப் பணிகளை எடுத்துச் செய்ய மாநில மின் உரிம வாரியத்தின் உரிமம் வேண்டும். அதற்கு உங்கள் டிப்ளமோவும் பணி அனுபவமும் கைகொடுக்கும், வீட்டில் படித்தது கொடுக்காது. ஒரு காலத்தில் வேலை செய்துகொண்டே, கல்லூரிக்குப் போகாமல் எழுதக்கூடிய ஏ.எம்.ஐ.இ. என்ற பொறியியல் தேர்வை எழுதிப் பொறியாளர் ஆனவர்கள் ஏராளம். 2013 மே 31-க்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்கு அது பட்டத்துக்கு நிகராகக் கொள்ளப்படுவதில்லை. வீட்டிலிருந்தே பி.டெக். என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியின்றித் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களை 2017-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதே சமயம் கதவுகள் நீங்கள் அஞ்சுகிற அளவுக்குச் சீக்கிரம் மூடுவதுமில்லை. டிப்ளமோ உள்ளவர் நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.டெக்.கில் சேரும் வழி இருக்கிறது, கேரள பி.எஸ்.சி.யின் பெரும்பாலான பணிகளுக்குப் பொதுப் பிரிவினருக்கே வயது வரம்பு 36. இரண்டு ஆண்டு வெளியே போய் வந்தாலும் இவை அங்கேயே இருக்கும். தனியார் துறையில் என்ன ஆகும் என்பதுதான் ஊகத்துக்குரியது: சிறு பட்டறைகள் கைவேலையைப் பார்க்கின்றன, பெரிய ஆலைகளின் மனிதவளப் பிரிவு தாளைப் பார்க்கிறது. பத்து ஆண்டு கழித்தும் இப்படியே இருக்குமா என்று எவர் உறுதியாகச் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

எல்லையில் பிறந்ததை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். மலையாளத்தில் பிழையில்லாமல் எழுத வராது, ஆங்கிலம் தடுமாறும் என்று. பி.எல்.சி. கையேடுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆகவே அந்த ஆங்கிலத்தை மட்டும், அதாவது கையேட்டு ஆங்கிலத்தை, முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் சொல்வளம் மிகச் சிறியது. மற்றபடி, கஞ்சிக்கோட்டு மேலாளரிடம் மலையாளத்திலும் கோயம்புத்தூர் பட்டறைக்காரரிடம் தமிழிலும் விலை பேசத் தெரிந்தவன் இந்தத் தொழிலில் இரண்டு சந்தையில் நிற்கிறான். வாளையார் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது கிடையாது.

சுதந்திரத்தைப் பற்றி உங்களோடு எனக்குச் சிறு கருத்து வேறுபாடு உண்டு. சொந்தமாகத் தொழில் செய்பவனுக்கு மேலே யாருமில்லை என்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் எண்ணம். தண்ணீர் இல்லாமல் நாற்று காய்கிறது என்று இரவு பத்து மணிக்குக் கூப்பிடுகிற விவசாயி, மூன்று மாதமாகப் பாக்கி வைத்துக்கொண்டு நாளை வா என்கிற தோப்புக்காரர், இவர்களெல்லாம் சம்பளம் கொடுக்காத முதலாளிகள். ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த மாதமும் வீட்டில் அடுப்பு எரிய முடிகிறதா என்பதைத்தான் நான் சுதந்திரம் என்று அளப்பேன். அந்த அளவில், சேமிப்பும் கைத்தொழிலும் உள்ள ஷிப்ட் தொழிலாளி, கடனில் பட்டறை திறந்தவனைவிடச் சுதந்திரமானவன். வேலையை உதறிவிட்டு விடுதலை பெறுங்கள் என்று பேசும் சிலருடைய வருமானமே அந்தப் பேச்சைக் கோர்ஸாக விற்பதிலிருந்து வருகிறது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் யோசனை, இப்போது விட வேண்டாம்; ஓராண்டு கழித்து முடிவெடுங்கள். இது தயக்கத்தால் சொல்வதல்ல, கணக்கும் அதையே சொல்கிறது. நீங்கள் நான்கு ஆண்டு முடித்திருக்கிறீர்கள். நிரந்தரத் தொழிலாளிக்குத் தொடர்ந்து ஐந்து ஆண்டு பணி முடிந்தால்தான் பணிக்கொடை. கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியுடன் சேர்த்து, 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் 26-ஆல் வகுக்கும் கணக்கில் ஐந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 43,000 ரூபாய் வரும். உங்கள் வீட்டுச் செலவில் அது எத்தனை மாதம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சம்பளம் 21,000-க்குள் இருந்தால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பீர்கள், வேலையை விட்ட சில காலத்தில் அந்தப் பாதுகாப்பு போய்விடும், அப்பா அம்மா அதில் சேர்ந்திருந்தால் அவர்களுக்கும் போய்விடும். மருத்துவக் காப்பீடு ஒன்றை எடுத்த பிறகே வேலையை விடுங்கள். பி.எஃப். பணத்தைப் படிப்புச் செலவுக்கு உடைக்காதீர்கள்.

அந்த ஓராண்டில் இரவு ஷிப்ட் வாரத்தில் படிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, பகல் ஷிப்ட் வாரங்களை மட்டும் கணக்கில் எடுத்துத் திட்டமிடுங்கள். எல்லாவற்றையும் படிக்கும் ஆசையைத் தள்ளிவைத்து, ஒரு பி.எல்.சி.யும் ஒரு டிரைவும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போதும். ஆலையில் அவை கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கின்றன; வீட்டில் வாங்கி வைத்துப் பழக வேண்டுமென்றால் பெரும் பணம். முதலாளியின் இயந்திரத்தில் முதலாளி சம்பளத்தில் கற்கும் வாய்ப்பை எந்த ஐ.ஐ.டி.யும் உங்களுக்குத் தராது. இதற்கிடையே விடுமுறை நாளில் வெளிவேலை ஏதாவது எடுத்துச் செய்து பாருங்கள். அதற்கு முன், உங்கள் நியமன ஆணை அதைத் தடுக்கிறதா என்று வாசித்துவிடுங்கள். தொடர்ந்து ஆறு மாதம், வீட்டுச் செலவில் பாதியாவது அந்த வெளிவேலையில் வந்து, ஆறு மாதச் செலவுக்கான பணமும் தனியே வங்கியில் இருக்குமானால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் விட்டுவிடுவேன். பாதி, ஆறு மாதம் என்பவை என் அனுபவத்தின் கணிப்புதான். வீட்டில் கடன் இருந்தால் இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அப்பாவைப் பற்றி நான் அதிகம் சொல்லக்கூடாது. அவரை எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மண்ணில் மழையை நம்பி நிலக்கடலையும் நெல்லும் போட்டுப் பார்த்த தலைமுறைக்கு, மாதம் பிறந்தால் வருகிற சம்பளம் என்பது சின்ன விஷயமல்ல. அவருடைய மறுப்பு உங்கள் படிப்பின் மேல் அல்ல, வருமானம் நிற்பதன் மேல் என்று நினைக்கிறேன். கொள்கை பேசி அவரை மாற்ற முடியாது. வெளிவேலையில் வந்த பணத்தை மாதாமாதம் அவர் கையிலேயே கொடுங்கள், எங்கிருந்து வந்தது என்றும் சொல்லுங்கள். அவர் கேட்கிற அடுத்த கேள்வி வேறு மாதிரி இருக்கும்.

கடைசியாக, விடும் நாள் வந்தால் சண்டை போட்டுக்கொண்டு விடாதீர்கள். நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்து, விடுவிப்புக் கடிதமும், எந்த இயந்திரங்களில் எத்தனை ஆண்டு வேலை செய்தீர்கள் என்று விவரமாக எழுதிய அனுபவச் சான்றும் கம்பெனி முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப். எண்ணில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்பதை வேலையில் இருக்கும்போதே சரிபார்த்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு அதைத் திருத்த நடையாய் நடக்க வேண்டியிருக்கும். மின் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போதும், என்றாவது பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேர நினைத்தாலும், டிப்ளமோவின் மூலச் சான்றுகளைத்தான் கேட்பார்கள். அவை கம்பெனியில் மாட்டிக்கொண்டிருந்தால் இன்றே கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள்.